ஹெஸ்கல் ஆற்றின் இருபத்தொரு விநாடி

புதன்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே லோர்னா ஆர்மராட் டீச்சர் சாமான் அறையில் ரப்பர் பூட்ஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு ஜோடி இருக்க வேண்டும். இருந்தது இருபத்தெட்டு. அதிலும் ஒன்பதாம் நம்பரில் மூன்று இடது கால் இருந்தது, வலது கால் ஒன்றுகூட இல்லை. போன வருஷம் எந்தப் புண்ணியவான் இரண்டு வலது காலை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

லோர்னா அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் புவியியல் நடத்துகிறார். லங்காஷயர் மலையடிவாரத்துச் சின்ன ஊர் அது. ஜூன் மாதம் பிறந்தால் பத்தாம் வகுப்பை ஹெஸ்கல் ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆற்றில் இறங்கி அளந்தோம் என்று பள்ளிக்கூடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியும். பரீட்சையில் அதைப் பற்றிக் கேள்வியும் வரும். அதனால் பஸ்ஸுக்குச் சொல்வது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் போடுவது என்று மே மாதம் முழுக்க அவருக்கு இதே வேலை. சலித்துக்கொள்வாரே தவிர, ஒரு வருஷம்கூட விட்டவர் இல்லை. நல்ல டீச்சர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

அன்றைக்கு வகுப்பில் கரும்பலகையில் ஆற்றை வரைந்து மூன்று இடத்தில் புள்ளி வைத்தார். மேலே மேட்டுப் புல்வெளியில் ஒன்று, நடுவில் பழைய கல்பாலத்தடியில் ஒன்று, கீழே சக்டன் பண்ணையில் ஒன்று.

"நாம தேடப்போற கேள்வி என்ன?"

"ஆறு கீழ வர வர அகலமாகுதா, ஆழமாகுதா, வேகமாகுதா மிஸ்" என்றாள் பெத்தனி. மூன்றாவது புள்ளி வைத்த பண்ணை அவளுடைய அப்பாவுடையது.

"நம்ம யூகம்?"

"ஆகும் மிஸ்" என்றது வகுப்பு.

"ஆகலைன்னா?" என்றான் கடைசி வரிசை கீகன். "ஒருவேளை ஆறு நம்ம புத்தகத்தைப் படிக்காம விட்டிருந்துச்சுன்னா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. லோர்னாவும் சிரித்தார். "நீயே படிக்கல, ஆறு எங்க படிக்கப்போகுது? ஆகும், எழுதிக்கோ."

குறிப்பிட்ட நாளில் வானம் வெளுத்து வெயில் அடித்தது. அந்த ஊரில் அது பெரிய விஷயம். மூன்று வாரமாக மழை இல்லை. மேட்டுப் புல்வெளியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பத்து மீட்டருக்குக் கயிறு கட்டி, மேல்முனையில் ஆரஞ்சுப் பழத்தை விட்டார்கள். அது மிதந்து கீழ்முனைக்கு வர முப்பத்துநான்கு விநாடி. பாலத்தடியில் இருபத்தேழு. லோர்னாவுக்கு மகிழ்ச்சி. சீஸ் ஊறுகாய் சாண்ட்விச்சைக் கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு, மதியம் சக்டன் பண்ணைக்கு வந்தார்கள்.

அங்கே ஆறு இல்லை. அதாவது, இருந்தது, ஆனால் ஆறு என்று சொல்ல வாய் கூசும்படி இருந்தது. அகலமான கல்படுகை. அதன் நடுவே மெல்லிசாக ஒரு ஓட்டம். பெத்தனி குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள். ஒன்பது சென்டிமீட்டர். கீகன் ஆரஞ்சை விட்டான். அது கொஞ்ச தூரம் போனது, நின்றது, யோசித்தது, ஒரு சுற்றுச் சுற்றியது.

"மிஸ், பழத்துக்கு அவசரமே இல்ல மிஸ். ரிட்டையர் ஆன தாத்தா மாதிரி போகுது."

ஐம்பத்தெட்டு விநாடி. இரண்டாம் முறை அறுபத்தொன்று. மூன்றாம் முறை பழம் கல்லில் சிக்கி, வரவே இல்லை.

பெத்தனி பென்சிலால் குறித்துக்கொண்டாள். லோர்னா அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று நோட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. பதினோரு வருஷமாக அவர் இந்த இடத்தில் பார்த்து வருவது இதைத்தான்.

"கண்ணு, இது வழி தவறின அளவு. கல்லு தடுத்திருக்கு. அழிச்சிட்டு இருபத்தொண்ணுன்னு போடு. ஆழம் முப்பத்தாறு."

"ஆனா மிஸ், அளந்தது ஐம்பத்தெட்டு."

"தெரியும்டா. பரீட்சையில படம் வரையும்போது கோடு கீழ இறங்குச்சுன்னா என்ன எழுதுவ? ரெண்டு மணி நேரத்துல மத்த கேள்வியும் எழுதணும். குழம்பிப் போயிடுவ."

"எங்க அப்பா சொல்றாரு, அந்தப் புட்டித் தண்ணிக் கம்பெனி வந்ததுலேர்ந்துதான் ஆறு இப்படி ஆயிடுச்சுன்னு. இப்ப இன்னொரு பம்ப் வேற போடப் போறாங்களாம்."

"அது ஊர் விவகாரம். நாம வந்தது பாடத்துக்கு. அழி."

பெத்தனி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அழித்தாள். இருபத்தொன்று என்று எழுதினாள். அவளுடைய எழுத்து அச்சுப்போல இருக்கும். வகுப்பில் எல்லாரும் அதைத்தான் பார்த்து எழுதுவார்கள்.

லோர்னா இந்தப் பழக்கத்துக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். பாலத்தைத் தாண்டி, பண்ணைக்கு மேலே, பைன் மரங்களுக்குப் பின்னால், ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து இழுத்துப் புட்டியில் அடைக்கும் அந்தக் கம்பெனி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. அடுத்த வருஷம் பிள்ளைகள் அளந்தபோது கீழ் ஆறு மேல் ஆற்றைவிட மெதுவாக ஓடியது. பிள்ளைகள் அதை அப்படியே எழுதினார்கள்; ஏன் என்று விளக்கத் தெரியவில்லை; மார்க்கு விழுந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியர் லோர்னாவைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார். அதற்கடுத்த வருஷத்திலிருந்து லோர்னா வீட்டு மேசையிலேயே 'இருக்க வேண்டிய' எண்களைத் தயார் செய்து பையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். மார்க்கு ஏறியது. சுத்தமாகப் படியெடுத்த கோப்பு ஒன்றை வருஷா வருஷம் ஊர் நூலகத்தில் வைப்பதும் அப்போதுதான் ஆரம்பித்தது. அட்டையில் பூட்ஸ் மாட்டிய பிள்ளைகளின் போட்டோ இருக்கும். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். இந்த வருஷத்துக் கோப்பைப் பெத்தனி எழுத, அந்த வாரமே அதுவும் நூலகத்துக்குப் போய்விட்டது. யாருக்கு என்ன நஷ்டம் என்று லோர்னா நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்தில் நெவில் சக்டன் வாசலில் காத்திருந்தார். பெத்தனியின் அப்பா. சேறு படிந்த வண்டி, அதற்குள் ஈர நாய் ஒன்று. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு உதவி. பதினாறாம் தேதி ஊர் மண்டபத்துல விசாரணை. கம்பெனிக்கு ரெண்டாவது பம்புக்கு அனுமதி குடுக்கலாமா வேணாமான்னு. நான் ஆட்சேபணை எழுதிக் குடுத்திருக்கேன்."

"பெத்தனி சொன்னா."

"ஆத்துல தண்ணி குறைஞ்சதுக்கு ஆதாரம் கேக்கறாங்க. அரசாங்கத்தோட அளவுகோல் கம்பெனிக்கும் மேல, புல்வெளியில இருக்கு. அங்க தண்ணி குறையவே இல்லையே! கீழ அளந்தவங்க உலகத்துலயே நீங்க மட்டும்தான். பதினோரு வருஷம், ஒரே இடம், ஒரே மாசம். 'பள்ளிக்கூடத்துக் கோப்பைப் பாருங்க, எல்லாம் புட்டுப் புட்டு வச்சிருக்கும்'னு எழுதிட்டேன்."

"எழுதிட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

இந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். 'நெவில், அந்தக் கோப்பை நம்பாதீங்க' என்று நாலு வார்த்தை. விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நெவில் கடிதத்தைத் திரும்ப வாங்கியிருப்பார், தானே தினமும் ஆற்றில் இறங்கி அளந்து ஏதாவது ஒரு ஆதாரம் தேடியிருப்பார். லோர்னா சொல்லவில்லை. "பார்க்கிறேன்" என்றார்.

"நாப்பது மாடு டீச்சர். அதுங்க தண்ணி குடிக்கிறது அந்த ஒரே இடத்துலதான். குழாய்த் தண்ணி வாங்கி ஊத்தினா எனக்குக் கட்டுப்படியாகாது. இன்னொரு பம்ப் வந்தா நான் கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு நெவில் வண்டியில் ஏறினார்.

அன்று மாலையே லோர்னா அலமாரியைக் குடைந்தார். பிள்ளைகள் ஆற்றங்கரையில் எழுதிய நோட்டுகளில் அழித்த தடமாவது இருக்கும் அல்லவா? ஒன்றுகூட இல்லை. வருஷக் கடைசியில் எல்லாம் பழைய காகிதத்தோடு போய்விடும். இந்த வருஷம் ஆற்றங்கரையில் எழுதியது பெத்தனி மட்டும்தான்; மற்றவர்கள் பிறகு அவளைப் பார்த்துப் படியெடுத்தவர்கள். அவள் நோட்டு கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நல்ல ரப்பர். சுத்தமாக அழித்திருந்தாள்.

மறுநாள் தலைமையாசிரியர் ட்ரெவர் ஹேஸ்லமிடம் போனார். இவர் புதியவர், நான்கு வருஷமாகத்தான் இருக்கிறார். கேட்கக் கேட்க அவருடைய காது சிவந்தது.

"லோர்னா, நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? பதினோரு வருஷம் பிள்ளைங்க எழுதின அளவு பொய்யின்னு ஊரு மண்டபத்துல போய்ச் சொல்லப்போறீங்களா? பரீட்சைக்காரங்க சும்மா இருப்பாங்களா? இந்த வருஷப் பிள்ளைங்க கதி?"

"நெவிலோட மாடுங்க..."

"மாட்டைப் பத்தி அவர் பார்த்துப்பார். நீங்க வாயே திறக்காதீங்க. அந்தக் கோப்பை யாரு புரட்டிப் பார்க்கப்போறாங்க? தூசி தட்டக்கூட ஆள் கிடையாது."

லோர்னா அதை நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்று சொல்வதுதான் சரி. பெத்தனியிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பெத்தனியும் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் பெரியவர், எப்படியும் சரி செய்துவிடுவார் என்று அந்தப் பெண் இருந்துவிட்டாள்.

பதினாறாம் தேதி மதியம் மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். ஒரு வாரமாக விடாத மழை. பின்னால் மேசையில் தேநீரும் பிஸ்கட்டும். விசாரணை அதிகாரி விட்டாக்கர் அம்மா, கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாரையும் பொறுமையாகக் கேட்டார். நெவில் பேசினார். மாடுகளைப் பற்றி, செத்த மீன்களைப் பற்றி, கல்லாகிப்போன படுகையைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

பிறகு கம்பெனிக்காரர் எழுந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. அவர் மேசையில் பதினோரு கோப்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் பூட்ஸ் மாட்டிய பிள்ளைகள்.

"திரு. சக்டன்தான் இதைப் பார்க்கச் சொன்னாரு. நாங்களும் பார்த்தோம். பதினோரு வருஷமும் பண்ணைகிட்டதான் ஆறு ரொம்ப ஆழம், ரொம்ப வேகம். தண்ணி குறைஞ்ச வருஷம் ஒண்ணுகூட இல்ல. இந்த வருஷம், அதுவும் மூணு வாரம் மழை இல்லாத நேரத்துல, ஆழம் முப்பத்தாறு சென்டிமீட்டர், பத்து மீட்டருக்கு இருபத்தொரு விநாடி." ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "இதை அளந்து எழுதின மாணவி பெயரும் இருக்கு. பெத்தனி சக்டன்."

நெவில் திரும்பி மகளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, புரியாமல் பார்த்தார். "பெத், இது உன் கையெழுத்துதானே?"

பெத்தனி தலையாட்டினாள்.

அப்போதுதான் லோர்னா எழுந்தார். இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஹேஸ்லம் திரும்பி முறைத்தார். அதைப் பார்க்காதது போல, "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் மாத்தி எழுதச் சொன்னேன். இந்த வருஷம் மட்டும் இல்ல. பதினோரு வருஷமும் நான் வீட்டுல உட்கார்ந்து எழுதின எண்ணுதான் அது. அவ அளந்தது ஐம்பத்தெட்டு விநாடி, ஒன்பது சென்டிமீட்டர்" என்றார்.

மண்டபத்தில் சலசலப்பு. பின்வரிசையில் யாரோ, "அடக் கடவுளே, இதுங்களா நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குது?" என்றார். ஒருவரும் அவரை அடக்கவில்லை.

விட்டாக்கர் அம்மா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "மிஸஸ் ஆர்மராட், உண்மையா அளந்த எண்கள் எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லைங்க. பிள்ளைங்க நோட்டெல்லாம் குப்பைக்குப் போயிடும்."

"இந்த வருஷத்துது?"

"அழிச்சிட்டேன்" என்றாள் பெத்தனி.

நெவில் எழுந்தார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? வாங்க, ஆறு இங்கதான இருக்கு, இப்பவே போய் அளப்போம்."

"ஒரு வாரமா மழை பெய்யுது மிஸ்டர் சக்டன். இன்னிக்கு ஆறு கரை தொட்டு ஓடுது. இன்னிக்கு அளந்தா அது கம்பெனிக்குத்தான் சாதகம்."

கம்பெனிக்காரர் மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணும் யோசிக்கணும். பதினோரு வருஷம் மாத்தி எழுதினேன்னு ஒருத்தர் சொல்றாரு. அப்படிப்பட்டவர் இன்னிக்குச் சொல்ற ஐம்பத்தெட்டை மட்டும் நாம எப்படி நம்பறது?"

கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. லோர்னா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

விட்டாக்கர் அம்மா வெகுநேரம் கோப்புகளைப் புரட்டினார். கடைசியில் நெவிலைப் பார்த்து, "ஆத்துப் படுகையை மழைக்கு முன்னாடி நான் வந்து பார்த்தேன். கரையில புல்லு காய்ஞ்ச உயரத்தையும் பார்த்தேன். நீங்க சொல்றது பொய்யின்னு எனக்குத் தோணல. ஆனா எனக்குத் தோணறதை வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. எழுத்துல இருக்கறதை வச்சுத்தான் எழுத முடியும். எழுத்துல ஆறு நல்லா இருக்கு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பம்புக்கு அனுமதி வந்தது. பத்து வருஷத்துக்கு. நெவில் மேல்முறையீடு செய்யலாமா என்று வக்கீலைக் கேட்டார். புது ஆதாரம் இருந்தால் வாருங்கள் என்றார் வக்கீல். ஆகஸ்டில் பாதி மாடுகளை ஏலத்துக்கு ஓட்டிப்போனார்.

அனுமதி வந்த அன்று லோர்னா பண்ணைக்குப் போனார். கொட்டிலுக்கு வெளியே நெவில் வேலி முள்கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"நெவில், நான் பத்து நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டாச்சில்ல, போயிட்டு வாங்க டீச்சர். நான் உங்கள ஏசப் போறதில்ல. ஏசினா மட்டும் தண்ணி வந்துடுமா?"

ஏசியிருந்தால் லோர்னாவுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். பெத்தனி வாசல்வரை கூட வந்தாள். வாயில் கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மிஸ், நீங்க என்னைப் பொய் சொல்லச் சொல்லல. மார்க்கு வாங்கச் சொன்னீங்க. அதனாலதான் எனக்கும் அது பொய்யா தெரியல. ஆனா அந்த மண்டபத்துல எங்க அப்பாவுக்கு எதிரா சாட்சி சொன்னது நான்தான்."

"நீ இல்லடா, நான்தான்."

"கையெழுத்து என்னோடது மிஸ்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் லோர்னாவின் மேசையில் ஹேஸ்லம் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. படித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார். கீகன்கூட அன்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லோர்னா வகுப்புக்கு முன்னால் நின்றார். அழக்கூடாது என்று நினைத்திருந்தார், முடியவில்லை.

"நான் உங்களுக்கு ஒரு தப்பான பாடம் நடத்திட்டேன். அதை இப்ப திருத்தறேன், எழுதிக்கோங்க. கண்ணால பார்த்ததை எழுதுங்க. கையால அளந்ததை எழுதுங்க. புத்தகத்தோட ஒத்து வரலைன்னா, ஒத்து வரலைன்னு எழுதுங்க. மார்க்கு போனா அடுத்த பரீட்சையில வாங்கிக்கலாம். அழகா இருக்கட்டும்னு நான் மாத்தின எண்ணு ஒரு ஆத்தைக் கொன்னுடுச்சு. அதை எந்தப் பரீட்சை எழுதியும் என்னால திரும்ப வாங்க முடியாது."